நாலடி வழி

என் அப்பா கல்யாண மண்டபத்தில் நாற்காலி போடுகிறவர். இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்ல எனக்கு முப்பத்தொரு வயது ஆனது. இருபத்தாறு வயதிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் இன்றைக்கு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மண்டபத்தில் அவரை ‘நாலடி’ என்று கூப்பிடுவார்கள். ஆள் குள்ளம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டு நிலைப்படியில் குனிந்துதான் வருவார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவில், வாசலிலிருந்து மேடை வரைக்கும் விடுகிற பாதை நாலடி அகலத்துக்கு ஒரு விரல்கூடக் குறையக்கூடாது என்று இருபத்திரண்டு வருடம் எல்லோரோடும் மல்லுக்கட்டியதால் வந்த பெயர் அது. பழைய திரைச்சீலைக் கம்பி ஒன்றைச் சரியாக நாலடிக்கு அறுத்து வைத்திருந்தார். நாற்காலியெல்லாம் போட்டு முடித்ததும் அந்தக் கம்பியை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து மேடை வரை நடப்பார். கம்பி எந்த நாற்காலியில் இடிக்கிறதோ அந்த வரிசை முழுவதும் ஒதுங்கியாக வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரிசையிலும் காலோடு கால் சேர்த்து நைலான் கயிற்றால் கட்டுவார். கட்டாமல் விட்டால் வருகிறவர்கள் ஆளுக்கொரு நாற்காலியைத் தங்கள் பேச்சுத் துணைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பாதையை அடைத்துவிடுவார்கள்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. மண்டபத்துக்கு வருவதற்கு முன்னால் அப்பா ஒரு சினிமா கொட்டகையில் டார்ச் அடித்து ஆட்களை இடத்தில் உட்கார வைக்கிற வேலையில் இருந்தார். கூட்டம் அள்ளுகிற படம் வந்தால் முதலாளி நடுவழியிலும் ஸ்டூல் போட்டு டிக்கெட் விற்பார். அப்படி ஒரு நாள் மெஷின் அறையிலிருந்து புகை வந்தது. தீ இல்லை, வெறும் புகைதான். ஆனால் ஜனம் எழுந்து ஓடியது. ஸ்டூல் தடுக்கி விழுந்தவர்கள் மேல் மற்றவர்கள் ஏறி ஓடினார்கள். யாரும் சாகவில்லை. அப்பாவின் இடது கையில் இரண்டு விரல்கள் அன்றைக்கு நசுங்கியவை, அப்புறம் மடங்கவே இல்லை. “ஒரு ஆளை ரெண்டு பேர் தூக்கிட்டு வெளிய போகணும்னா நாலடி வேணும். அதுக்குக் கம்மின்னா அது வழி இல்ல, வேடிக்கை” என்பார்.

அவரோடு எங்கே போனாலும் மானம் போகும். கடைக்குப் போனால் அலமாரிகளுக்கு நடுவே செருப்பால் அடி வைத்து அளப்பார். “பாரு, இந்தக் கடைக்காரன் கெட்டிக்காரன். சோப்பு இருக்கிற இடத்துல வழியைக் குறுக்கிட்டான். நம்ம தோள் உரசும், நிப்போம், நின்னா எடுப்போம்.” பஸ்ஸில் ஏறினால் உட்கார இடம் இருந்தாலும் நடுவில் நிற்பார். உட்கார்ந்தவர்கள் நிற்கிறவர்களைப் பார்க்கிற பார்வையைப் பார்ப்பதற்காகவாம். “அவனும் அதே டிக்கெட்தான், இவனும் அதே டிக்கெட்தான். ஆனா உட்கார்ந்தவன் முகத்தைப் பாரு, பஸ்ஸே அவங்க தாத்தா எழுதி வெச்ச மாதிரி.” ஒரு முறை யாருடைய வழக்குக்கோ சாட்சியாகக் கோர்ட்டுக்குப் போய் வந்தார். தீர்ப்பு என்ன ஆனது என்று கேட்டால் அது அவருக்கு ஞாபகமில்லை. நடுவில் விட்டிருந்த வழி மட்டும் ஞாபகம் இருந்தது. “ரெண்டு கட்சிக்காரனும் கைநீட்டினா எட்டக்கூடாது. அந்த அளவுக்கு விட்டிருக்கான். விவரமான ஆளு கட்டின கட்டடம்.” பிரார்த்தனைக் கூடங்களைப் பற்றி மட்டும் அவருக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. அங்கே நடுவில் விட்ட இடத்தில் யாரும் நாற்காலியை இழுத்துப் போடுவதில்லை, சும்மா இருக்கிற இடத்துக்கும் மரியாதை உண்டு என்று அவர்களுக்காவது தெரிந்திருக்கிறது என்பார்.

மண்டபத்து ஜனங்களை அவர் நடுப்பாதையில் நின்றே படித்திருந்தார். கல்யாணம் என்றால் பாதையோர நாற்காலிக்கு அடிதடி. ஒன்று, பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வரும்போது போட்டோவில் விழலாம். இரண்டு, பந்திக்கு முதல் ஆளாக ஓடலாம். இரங்கல் கூட்டம் என்றாலும் அதே நாற்காலிக்குத்தான் அடிதடி, பாதியில் நழுவலாம் என்பதற்காக. பாதைக்கு இடது பக்கம் பெண் வீட்டார், வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டார் என்று யாரும் சொல்லாமலே பிரிந்து உட்காருவார்கள். எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தைப் பார்த்து முறைக்கிறது என்பதை வைத்து, இந்தச் சம்பந்தம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அப்பா கணக்குச் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல விழுந்து விழுந்து சிரித்தவள்தான் நான். எட்டாம் வகுப்பு வரைக்கும்.

எட்டாம் வகுப்பில் என்னோடு படித்தவளின் அக்கா கல்யாணம் அந்த மண்டபத்தில் நடந்தது. வகுப்பே போனது, நானும் போனேன். முதல் வரிசையில் இருந்த அவளுடைய அப்பா, யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டார் என்று எழுந்து நின்று, “ஏய் நாற்காலி! இங்க ரெண்டு கொண்டா!” என்று கத்தினார். அப்பா கைக்கு ஒன்றாக இரண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். என் தோழிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, என்னைத் தெரியாத மாதிரி நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அவர் என்னைக் கூப்பிட்டு ஓர் அறை விட்டிருந்தால் நான் உருப்பட்டிருப்பேன்.

வீட்டில் எங்களோடு இருந்தது அத்தை. அப்பாவுக்கு அக்கா. எனக்கு நாலு வயதில் அம்மா போனபோது ஒரு தையல் மெஷினையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. நாக்கு நீளம். தெருவில் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்கள் அளவு கொடுக்கும்போதே பயந்துகொண்டுதான் கொடுப்பார்கள். எனக்குச் சடை பின்னியது, காய்ச்சலில் விழித்திருந்தது, பரீட்சைக்கு எழுப்பிவிட்டது எல்லாம் அவள்தான். நான் அவளை அத்தை என்று கூப்பிட்டாலும் அது எனக்கு அம்மா என்கிற வார்த்தைதான்.

படித்து முடித்து ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் சேர்ந்தேன். என் கணவர் அங்கேதான் வேலை பார்த்தார். பழகிய இரண்டாவது மாதம், சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகக் கேட்டார், “உங்கப்பா என்ன பண்றாரு?” என்று.

“மண்டபத்துல மேனேஜர்” என்றேன். வாய் கொஞ்சமும் கூசவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தப் பொய்க்கு நான் சோறு ஊட்டி வளர்த்தேன். அப்பாவுக்குக் கீழே ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள் என்றேன். லீவே கிடைக்காது, அதனால்தான் ஆபீஸ் பக்கம் வருவதில்லை என்றேன். மாப்பிள்ளை வீட்டில் சம்மதித்து எங்கள் வீட்டுக்குப் பேச வருகிறார்கள் என்று முடிவானதும்தான் இதை வீட்டில் உடைத்தேன்.

அத்தை மெஷினை நிறுத்திவிட்டாள். “ஏண்டி, உங்கப்பன் திருடினானா, கொள்ளையடிச்சானா? நாற்காலிதானே போட்டான்? அந்த நாற்காலியிலதாண்டி உன் காலேஜ் ஃபீஸ் உட்கார்ந்திருந்துச்சு!”

“இல்ல அத்தை, அவங்க வீட்டுல எல்லாரும் படிச்சவங்க...”

“படிச்சவன் எல்லாம் நின்னுக்கிட்டா சாப்பிடறான்? அவனுக்கும் நாற்காலி வேணும்தானே?”

அப்பாதான் அவளை அடக்கினார். “விடுக்கா. மேனேஜர்னு சொன்னா சொல்லிட்டுப் போறா. இருபத்திரண்டு வருஷத்துல எனக்குக் கிடைச்ச முதல் பிரமோஷன்” என்று சிரித்தார். சிரித்த முகத்தோடு எழுந்து வெளியே போனவர் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார்.

பொய்யில் ஒரு வசதி, அது நம்மைக் கேட்காமலே மேலே மேலே கட்டடம் கட்டிக்கொண்டு போகும். பேச வந்த அன்றைக்கே மாப்பிள்ளையின் அப்பா, “சம்பந்தி மேனேஜரா இருக்கிற மண்டபம் இருக்கும்போது வேற மண்டபம் எதுக்கு?” என்று கேட்டுவிட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். “தாராளமா” என்றார் அப்பா.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் அப்பாவை உட்கார வைத்து வாக்கு வாங்கினேன். “அப்பா, அன்னிக்கு ஒரு நாள் நாற்காலியைத் தொடாதீங்க. கம்பியை எடுக்காதீங்க. யாரையும் வழி விடு வழி விடுன்னு விரட்டாதீங்க. சும்மா வாசல்ல நின்னு வர்றவங்களை வாங்கன்னு சொல்லுங்க. போதும்.”

“சரிம்மா.”

“சத்தியமா?”

“சத்தியம்மா. முந்தின நாளே எல்லாத்தையும் போட்டு, கட்டி, அளந்து வெச்சிடறேன். அன்னிக்கு நான் மேனேஜர்” என்றார்.

அப்படியே செய்தார். அத்தைக்கு நெஞ்சுக் கோளாறு இருந்ததால், முதல் வரிசையில் நடுப்பாதையை ஒட்டிய நாற்காலியை அவளுக்கென்று ஒதுக்கினார். எழுந்து போக வசதி, காற்றும் வரும். மண்டபத்து ஆட்கள் அன்றைக்கு ஒரு நாள் அவரை ‘சார்’ என்று கூப்பிட ஏற்பாடு. அவர்களுக்கு அது நல்ல தமாஷ். லைட் போடுகிறவர் காலையிலிருந்து சும்மா சும்மா வந்து, “சார், ஃபேன் போடட்டுமா சார்? சார், அணைக்கட்டுமா சார்?” என்று கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பாவும் அத்தை தைத்துக் கொடுத்த புதுச் சட்டையில் விறைப்பாக நின்று, “போடுய்யா” என்றார். அந்தக் காலை நேரத்தில் அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார் என்று நான் நம்பிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டில் சொன்னது ஒரு கணக்கு, வந்தது இன்னொரு கணக்கு. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் இருந்தார், பேச ஆரம்பித்தால் மைக் தேவையில்லாத ஆள். தன் ஊழியர்கள், தன் சங்கத்து ஆட்கள், தன்னோடு நடைப்பயிற்சி போகிறவர்கள் என்று ஒரு பட்டாளத்தையே கூட்டி வந்துவிட்டார். வலது பக்கம் நிரம்பி வழிந்தது. சுவர் ஓரமாக நிற்க முடியாது, அங்கே அலங்காரப் பூச்சட்டிகளும் ஏர்கூலர்களும் இருந்தன. மேடைக்குப் பின்னால் இருந்த கதவை மறைத்துப் பரிசுப் பொருட்களை அடுக்கியிருந்தார்கள். பெரியப்பா சுற்றிப் பார்த்தார். நாலடி அகலத்துக்கு நடுப்பாதை சும்மா கிடந்தது.

“நடுவுல எதுக்குய்யா இவ்வளவு இடம்? நாற்காலி கொண்டா, போடு!” என்றார் லைட்காரரிடம். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “இனிமே இந்தப் பக்கம் என்ன, அந்தப் பக்கம் என்ன! ரெண்டு குடும்பமும் ஒண்ணாயாச்சு, நடுவுல இடைவெளி எதுக்கு?” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மேடையில் என் கணவரும் கைதட்டினார். நானும் சிரித்தேன்.

லைட்காரர் வாசலைப் பார்த்தார். அப்பா அங்கிருந்து வேகமாக நடந்து வந்தார். முதல் நாற்காலி வந்து இறங்கியபோது அதன் முதுகில் கை வைத்துவிட்டார்.

“அட, மேனேஜர் சார்! நீங்க போய் நாற்காலி தூக்கறீங்களே! ஆள் இருக்காங்கல்ல?” என்றார் பெரியப்பா, உண்மையான மரியாதையோடு.

அப்பா கையை எடுக்கவில்லை. மேடையில் இருந்த என்னைப் பார்த்தார். அந்தத் தூரத்திலிருந்தும் அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ‘சொல்லட்டுமா? நிறுத்தட்டுமா?’ நான் தலையை அசைத்தேன். வேண்டாம் என்று. லேசாகத்தான். ஆனால் அசைத்தேன்.

அவர் கையை எடுத்துவிட்டு வாசலுக்குத் திரும்பிப் போய், வந்தவர்களைக் கும்பிட ஆரம்பித்தார்.

பத்து நிமிடத்தில் நடுப்பாதை என்று ஒன்று இருந்த சுவடே இல்லை. வாசலிலிருந்து மேடை வரைக்கும் ஒரே நாற்காலி. லைட்காரர் கெட்ட ஆள் இல்லை. அப்பாவிடம் நாற்காலி வேலையும் கற்றவர். கட்டாத நாற்காலியை விட்டுவைக்கக்கூடாது என்று அப்பா ஆயிரம் முறை சொன்னது அவர் மண்டையில் ஏறியிருந்தது. அதனால் பாதையில் போட்ட நாற்காலிகளையும், சார் பார்த்தால் திட்டக்கூடாதே என்று, இரண்டு பக்கத்து வரிசைகளோடும் காலோடு கால் சேர்த்துக் கட்டிவிட்டார். அப்பா சொல்லிக்கொடுத்த முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. அந்த மண்டபத்தில் நாற்காலி போடுகிறவர்களைத் தவிர வேறு யாரும் அந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

கல்யாணம் முடிந்து, ஆசீர்வாதத்துக்கு முன்வரிசைக்காரர்கள் மேடையேறிக்கொண்டிருந்தார்கள். அத்தை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்ததைப் பார்த்தேன். வியர்க்கிறது என்று நினைத்தேன். அப்புறம் கைக்குட்டையை நெஞ்சில் வைத்து அழுத்தினாள். அப்புறம் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் தோளில் சாய்ந்தாள். அவர் முதலில் கோபமாகத்தான் திரும்பினார்.

யாரோ கத்தினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எழுந்தவர்களுக்கு நிற்க இடமில்லை. ஒரு நாற்காலியை இழுத்தால் பத்து நாற்காலி சேர்ந்து வந்தது. பின்வரிசை நாற்காலி முன்வரிசைக்காரர்களின் முழங்காலை இடித்தது, அவர்கள் அலறினார்கள். “தள்ளு”, “தள்ளாதே”, “காத்து விடுங்க”, “தண்ணி, தண்ணி” என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒரு குழந்தை கீழே விழுந்து மிதிபட்டது. மேடையிலிருந்து இறங்க முதல் படியில் கால் வைத்தேன். அதற்கு மேல் கால் வைக்க இடமில்லை.

வாசலில் இருந்து அப்பா வந்தார். வந்தார் என்றால், குனிந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டு வந்தார். மடங்காத இரண்டு விரலோடு அந்த முடிச்சைச் சீக்கிரம் அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்தார். “கத்தி குடுங்க, யாராச்சும் கத்தி குடுங்க” என்று கெஞ்சினார். மேடைப் பக்கம் இருந்த சமையலறைக்குப் போய்க் கத்தி எடுத்து வர வேண்டும் என்றால் அதற்கும் வழி அதுதான். அவிழ்ந்த நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கி வாசல் பக்கம் வீசினார், அடுத்ததற்குக் குனிந்தார். கடைசியில் ஆறு பேர் அத்தையைத் தலைக்கு மேல் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுபோனார்கள். அவளுடைய ஒரு செருப்பு வழியில் விழுந்துவிட்டது.

பதினோரு நிமிடம். நான் யூகித்துச் சொல்லவில்லை. வீடியோக்காரர் நிறுத்தாமல் எடுத்திருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர், “ஒரு பத்து நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்” என்றார். எல்லா டாக்டரும் எல்லோரிடமும் சொல்வதுதான் என்று என் கணவர் தேற்றினார். இருக்கலாம். அந்த வீடியோவில் நான் தலையை அசைப்பதும் இருக்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால், கழுத்தில் மாலை உறுத்துகிறது போலிருக்கிறது என்று நினைப்பார்கள்.

குழந்தை மிதிபட்டதில் யாரோ புகார் கொடுத்து, லைசன்ஸ் கொடுக்கிற அதிகாரிகள் மண்டபத்துக்கு விசாரிக்க வந்தார்கள். நடுப்பாதையில் நாற்காலி போடச் சொன்னது யார் என்று கேட்டார்கள். லைட்காரர் உண்மையைச் சொல்லத் தயாராக இருந்தார். பெரியப்பா பெயரைச் சொல்லியிருந்தால் அவர் போலீஸ் ஸ்டேஷன் படியேற வேண்டியிருந்திருக்கும். மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணமாகி ஐந்து நாள்.

“நான்தான் சார் போடச் சொன்னேன்” என்றார் அப்பா. “என் பொண்ணு கல்யாணம். கூட்டம் நிக்கிறதைப் பார்க்க மனசு கேட்கல.”

நாலடிக்காக ஒரு மந்திரியின் ஆட்களோடேயே சண்டை போட்டவர் சொன்ன பொய் அது. மண்டபத்து முதலாளிக்கும் அது பொய் என்று தெரியும். ஆனால் வசதியான பொய். அபராதத்தைக் கட்டிவிட்டு அப்பாவை வேலையை விட்டு அனுப்பினார். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வதற்கு ஓர் ஆள்கூட அங்கே இல்லை. நான் அங்கே என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், மேனேஜரின் மகளாக.

மாமியாரையும் அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. ‘அம்மா’ என்று கூப்பிட்டேன். அவர் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொன்னார். அவர் நல்லவர்தான். அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

நாலு வருடம் போனது. போன மாதம் என் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமியாரும் நானும் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். மண்டபம் எதுவும் சரியாக அமையவில்லை என்று அவர் புலம்பினார்.

“அப்பா இருந்த மண்டபம் வேண்டாம்மா. அவர் மேனேஜர் வேலையை விட்டதிலிருந்து அங்க யாரையும் தெரியாது” என்றேன்.

அவர் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “இன்னும் என்ன கண்ணு மேனேஜர்னுக்கிட்டு... நாற்காலி போட்டா என்ன, அதுவும் உழைப்புதானே” என்றார்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன். “உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“எப்பவோ தெரியும். உங்க வீட்டுக்குப் பேச வர்றதுக்கு முன்னாடி நானும் உன் மாமாவும் மண்டபத்துக்குப் போய் விசாரிச்சோம். பொண்ணு எடுக்கறவங்க விசாரிக்காம இருப்பாங்களா? உங்கப்பா ஒரு கம்பியைக் குறுக்கால பிடிச்சிக்கிட்டு நடந்துட்டிருந்தாரு. யாரோ ‘நாலடி, நாலடி’ன்னு கூப்பிட்டாங்க. நேர்மையான மனுஷன், ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டாருன்னு ஆபீஸ் ரூம்ல சொன்னாங்க. அப்படிப்பட்டவர் வீட்டுப் பொண்ணு நல்லாத்தான் இருக்கும்னு உன் மாமா அங்கயே முடிவு பண்ணிட்டாரு. நீ சொன்ன பேச்சு கெடக்கூடாதுன்னுதான் பேச வந்தப்பவும் மேனேஜர்னே சொல்லி, கல்யாணத்தையும் அங்கயே வெக்கலாம்னு கேட்டாரு.”

“அப்போ அவருக்கு...?”

“உன் புருஷனுக்கா? தெரியும். பொண்ணு கூச்சப்படுது, அதுவா சொல்ற வரைக்கும் நாம கிளறக்கூடாதுன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன். பெரியப்பாவுக்கு மட்டும் சொல்லல. அவரு வாயி ஊர் அறிஞ்சது.” புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீ சொல்லுவே சொல்லுவேன்னு பார்த்தேன். அப்புறம் உங்க அத்தை அப்படிப் போனதும், அதைப் போய் எதுக்குப் பேசணும்னு விட்டுட்டேன்.”

என்னை வேதனைப்படுத்தக்கூடாது என்று அந்த வீட்டில் எல்லோரும் பார்த்துப் பார்த்து மௌனமாக இருந்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால், கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை என் முகத்துக்கு நேராகக் குத்திக்காட்டியிருந்தால், என் அத்தை இன்றைக்கு உயிரோடு இருப்பாள். ஆனால் அவர்கள் மேல் பழிபோட எனக்கு வாய் இல்லை. தலையை அசைத்தது நான்.

மறுநாளே ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அப்பாவைப் பார்க்கப் போனேன். இப்போது அவருக்கு ஒரு பெரிய மளிகைக் கடையில் வேலை. அலமாரிகளுக்கு நடுவே காலித் தள்ளுவண்டிகளை ஒதுக்குவது, கேட்பவர்களுக்குப் பருப்பு எங்கே, பத்தி எங்கே என்று கை காட்டுவது. அவருக்குச் சாப்பாட்டு இடைவேளை அரைமணி நேரம். கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய இடத்தில் உட்கார்ந்து பேசினோம். இளைத்திருந்தார்.

அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். ‘அவங்களுக்கு முன்னாடியே தெரியும்ப்பா. உங்களைப் பார்த்துத்தான் பொண்ணு எடுத்தாங்க. இனிமே யாருக்காகவும் நீங்க மேனேஜரா இருக்க வேண்டாம். என் வீட்டுக்குத் தலை நிமிர்ந்து வாங்க.’ பஸ்ஸில் வரும்போதே இதைப் பத்து முறை சொல்லிப் பார்த்திருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டார். “நாத்தனாருக்குக் கல்யாணமாமே? என்னையும் கூப்பிடுவாங்க. வர்ற கூட்டத்துல என்னைத் தெரிஞ்சவன் எவனாவது இருப்பான். நான் வராம இருந்துக்கறேம்மா.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “உங்க வீட்டுல இதுவரைக்கும் யாருக்கும் தெரியாதுல்ல?” என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். நாலு வருடமாக அவரிடம் மிச்சம் இருந்தது என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“தெரியாதுப்பா” என்றேன்.

“அது போதும்” என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டது. “அக்கா உயிரே போச்சு. உன் கவுரவமாச்சும் மிஞ்சுச்சே.”